ஊர் மாறினால் ருசி மாறக் கூடாதா?

இத்தாலி நாட்டின் வடக்கே பொலோனியா என்று ஒரு பழைய நகரம். அந்நகரத்து வர்த்தக சபையில், வீட்டுக்கும் நிலத்துக்கும் பத்திரம் வைப்பது போல, ஒரு சமையல் குறிப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 1982-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தார் அதை முறைப்படி அங்கே ஒப்படைத்தார்கள். பண்டத்தின் பெயர் "ராகு". ராகு என்றதும் நம்மவருக்குக் கிரகமும் பெயர்ச்சியும் நினைவுக்கு வரும். இது பிடிக்கிற ராகு அல்ல; சாப்பிடுகிற ராகு. இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, சிறு தீயில் நிதானமாக வேக வைத்து, மாக்ரோனி வகைகளுடன் சேர்க்கும் குழம்பு.

மாட்டிறைச்சி 300 கிராம், பன்றியின் வயிற்றுப் பக்கத்து இறைச்சி 150 கிராம், காரட், செலரித் தண்டு ஒவ்வொன்றும் 50 கிராம், கொஞ்சம் வெங்காயம், தக்காளிச் சாறு ஐந்து கரண்டி, திராட்சை மது அரை டம்ளர், பால் ஒரு டம்ளர். முறையான ராகு இதுதான் என்று உலகத்துக்கு அறிவிக்கவே இந்த ஏற்பாடு.

தம் ஊர்ச் சமையலைக் காத்துக் கொள்ள பொலோனியாக்காரருக்கு உரிமை உண்டு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு ஏளனமும் ஒட்டிக் கொண்டு வருகிறது. அமெரிக்காவில் இத்தாலியக் குடியேறிகளின் பேரப் பிள்ளைகள் ஒரு பண்டம் செய்கிறார்கள். குழாய் மாக்ரோனியை வேக வைத்து, தக்காளியும் இறைச்சியும் சேர்ந்த குழம்பில் புரட்டி, பாலாடைக்கட்டியைத் தாராளமாகத் தூவி, தட்டோடு ஓவனில் வைத்துச் சுட்டெடுப்பார்கள். "பேக்ட் ஜிட்டி" என்று அதற்குப் பெயர். "இது இத்தாலியச் சமையலே அல்ல, பிழைக்கப் போன இடத்தில் கெட்டுப் போன சமையல்" என்று தாய்நாட்டில் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இது நியாயமா? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த எவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

கப்பலேறியவர்கள் யார்?

1880-க்கும் 1924-க்கும் இடையே ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி முதலான தென்பகுதியினர். பொலோனியாவின் செழிப்பு அவர்கள் கண்டதல்ல. ரொட்டி, பயறு, கீரை, இவையே அன்றாட உணவு. இறைச்சி என்பது கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம் என்று விரல் விட்டு எண்ணக் கூடிய நாட்களில் வருவது. "ஜிட்டி" என்ற சொல்லே மணமகளைக் குறிக்கும் தென்னாட்டு வழக்கிலிருந்து வந்தது என்பார்கள். கல்யாண விருந்தில் போட்ட மாக்ரோனி அது.

போன இடத்திலும் அவர்களை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. ஆண்கள் பலர் முதலில் தனியாகவே போனார்கள். ரயில் பாதை போடுவது, சுரங்கம் வெட்டுவது, கல் உடைப்பது, சாக்கடை தோண்டுவது போன்ற வேலைகளே கிடைத்தன. வேலை பிடித்துக் கொடுக்க "பட்ரோனே" என்ற தரகர் இருந்தார். நம்மவர் இலங்கையிலும் மலேயாவிலும் கண்ட கங்காணிக்கு அண்ணன் என்று சொல்லலாம். கூலியில் கமிஷன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரயில் பாதை முகாம்களில் தாம் நடத்தும் கடையிலேயே ரொட்டியும் மாக்ரோனியும் வாங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம். விலையோ வெளிச்சந்தையை விட அதிகம். சரக்கோ மட்டம். ஒப்பந்தக் கூலிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை 1885-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் வந்த பிறகும் தரகர் ஆட்சி உடனே ஒழிந்து விடவில்லை.

ஆகவே, வாங்கிய கூலியில் தனக்குப் பிடித்த மாக்ரோனியைத் தானே வாங்கித் தன் அடுப்பில் தானே சமைப்பது அந்தத் தொழிலாளிக்கு வெறும் நாக்கு ருசி அல்ல. தரகரின் பிடியிலிருந்து விடுபட்டதற்கு அடையாளம் அது.

ஏளனமும் எதிர்ப்பும்

நகரங்களில் குடும்பத்தோடு குடியேறிய பிறகு நிலைமை மாறியது. நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் இருட்டறை, பொதுக் கழிப்பறை என்று எத்தனையோ கஷ்டங்கள். ஆயினும் ஊரில் எட்டாத இறைச்சி இங்கே கைக்கு எட்டியது. ஊரில் ஏழை வீட்டில் ஓவன் ஏது? பண்டிகை நாளில் தட்டைத் தூக்கிக் கொண்டு ரொட்டிக் கடைக்காரரின் சூளைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் இரும்பு அடுப்பிலேயே ஓவன் சேர்ந்து வந்தது. கல்யாணத்தன்று சாப்பிட்டதை ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட வழி பிறந்தது. வாரம் ஆறு நாள் மண் வெட்டியவன் ஏழாம் நாள் பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து இறைச்சிக் குழம்பு சாப்பிட்டான். பேக்ட் ஜிட்டி பிறந்த கதை இதுதான்.

அதையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. சமூக சேவகர்களும் சத்துணவு போதிப்பவர்களும் வீடு தேடி வந்தார்கள். மாக்ரோனி, இறைச்சி, காய்கறி, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சமைத்தால் ஜீரணத்துக்கு ஆகாது என்றார்கள். பூண்டு நாற்றம் நாகரிகத்துக்கு ஒவ்வாது என்றார்கள். அமெரிக்கராக வேண்டுமானால் அமெரிக்கச் சாப்பாட்டுக்கு மாறுங்கள் என்பதே உபதேசத்தின் சாரம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டை மற்றவர் கண்ணில் படாமல் மறைத்துச் சாப்பிட்டன.

தாய்மார்கள் உபதேசத்தைக் கேட்டுக் கொண்டார்கள். சமையலை மட்டும் விடவில்லை. ஊரிலிருந்து வரும் எண்ணெயையும் மாக்ரோனியையும் காசு கொடுத்து வாங்கினார்கள். முதல் உலகப் போரில் கப்பல் வரத்து தடைப்பட்டபோது அமெரிக்காவிலேயே மாக்ரோனி ஆலைகள் பெருகின. அதற்கு வேண்டிய கெட்டிக் கோதுமை விதையை அமெரிக்க விவசாயத் துறையின் மார்க் கார்ல்டன் என்ற நிபுணர் 1900-ம் ஆண்டை ஒட்டி ரஷ்யாவிலிருந்து கொண்டு வந்திருந்தார். ரஷ்ய விதை, அமெரிக்க மண், இத்தாலியக் கை. மூன்றும் சேர்ந்து ஒரு தட்டு நிறைந்தது.

பிறகு காலம் திரும்பியது. எட்டோரே போயார்டி என்பவர் 1914-ல் அமெரிக்கா போன சமையற்காரர். அவர் பிறந்த பியாசென்சா நகரமும் பொலோனியா இருக்கிற அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. கிளீவ்லண்ட் நகரில் ஓட்டல் வைத்தார். சாப்பிட வந்தவர்கள் குழம்பை வீட்டுக்கும் கேட்கவே, பால் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தார். 1928-ல் அதுவே தொழிற்சாலையாயிற்று. தம் பெயரை அமெரிக்கர் வாயில் நுழையும்படி "பாய்-ஆர்-டீ" என்று உடைத்து எழுதி டப்பாவில் ஒட்டினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அவருடைய டப்பாச் சாப்பாடு போயிற்று. எந்தச் சாப்பாட்டை நாகரிகமற்றது என்றார்களோ, அதையே ராணுவத்துக்கு வாங்கிக் கொடுத்தார்கள்!

எப்படிச் செய்கிறார்கள்?

கெட்டுப் போன சமையல் என்று சொல்பவர்கள் முதலில் செய்து பார்க்கட்டும். அவசரக்காரன் கைக்கு இது அடங்காது.

ஆறு பேருக்கு அரை கிலோ கொத்திய இறைச்சி போதும். அங்கே மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலப்பார்கள். இங்கே செய்பவர்கள் ஆட்டுக் கீமா போட்டுக் கொள்ளலாம். அகலமான கனத்த பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, சூடு ஏறிய பிறகு இறைச்சியைப் பரப்பிப் போட வேண்டும். உடனே கிளறக் கூடாது. தண்ணீர் வற்றி, அடி சிவந்து வர வேண்டும். சாற்றின் ருசியில் பாதி அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. வெளுத்த இறைச்சியில் தக்காளியைக் கொட்டுபவர் எத்தனை சீஸ் போட்டாலும் பயனில்லை.

சிவந்த பிறகு பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயமும் ஐந்தாறு பல் பூண்டும் சேர்த்து வதக்கி, முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நன்றாகப் பழுத்த தக்காளியைத் தோல் நீக்கி மசித்து ஊற்றுவார்கள். உப்பு, மிளகு, காய்ந்த ஓரிகானோ இலை. பிறகு சிறு தீ. ஒன்றரை மணி நேரமாவது அடுப்பில் இருக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பதே பதம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ரொம்பவும் கெட்டியாகி விடக் கூடாது. ஓவனுக்குள் மாக்ரோனி மேலும் தண்ணீரை உறிஞ்சும். குழம்பு சற்றுத் தளர்ச்சியாக இருந்தால்தான் பண்டம் வறண்டு போகாது.

அரை கிலோ குழாய் மாக்ரோனிக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 10 கிராம் உப்பு. நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்து விட வேண்டும். கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்க வேண்டும். முழுக்க வெந்ததை ஓவனில் வைத்தால் கூழாகி விடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து பாலாடைக்கட்டி. இதில் மூன்று வகை. ஒன்று "ரிக்கோட்டா". சீஸ் எடுத்த பின் மிஞ்சும் தெளிந்த நீரை மறுபடி காய்ச்சித் திரட்டுவது. பெயருக்கு அர்த்தமும் "மறுபடி சமைத்தது" என்பதே. எதையும் வீணாக்காத ஏழையின் புத்தி அது. கிடைக்காதவர்கள் புதுப் பன்னீரைக் கையால் நன்றாக உதிர்த்து, சிறிது பால் சேர்த்துப் பிசைந்து கொள்ளலாம். இரண்டு, "மொட்சரெல்லா". உருகி நூல் நூலாக வருவது. மூன்று, பழகிய கெட்டிச் சீஸ். துருவிக் கைப்பிடி தூவினால் உப்பும் மணமும் அதிலிருந்து வரும். கடையில் வாங்கும்போது அட்டையைப் படித்துப் பார்ப்பது நல்லது. பாலே இல்லாமல் தாவரக் கொழுப்பில் செய்த போலிகளும் விற்கின்றன.

தட்டின் அடியில் ஒரு கரண்டி குழம்பைப் பரப்ப வேண்டும். அடி பிடிக்காமலிருக்க அதுவே காவல். மாக்ரோனியைப் பாதிக் குழம்பிலும் 400 கிராம் ரிக்கோட்டாவிலும் புரட்டி, பாதியைத் தட்டில் போட்டு, மொட்சரெல்லா தூவி, மீதியைப் போட்டு, மிச்சக் குழம்பால் மூடி, மேலே மறுபடியும் சீஸ் தூவ வேண்டும். மொட்சரெல்லா மொத்தம் 250 கிராம் போதும். 190 டிகிரி சூட்டில் 25 அல்லது 30 நிமிடம். ஓரங்களில் கொதித்து, மேல் பரப்பில் அங்கங்கே செம்புள்ளி விழுந்ததும் எடுத்து விடலாம். எடுத்தவுடன் வெட்டக் கூடாது. பதினைந்து நிமிடம் பொறுத்தால் துண்டு துண்டாக நிற்கும். பொறுக்காதவன் தட்டில் குழம்புதான் ஓடும்.

ஓவன் இல்லாத வீடுகளும் உண்டு. கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிக் கேக் சுடுவதை நம் வீடுகளில் செய்ததில்லையா? அந்த முறை இதற்கும் உதவும். மேலே சிவப்பது மட்டும் சற்றுக் குறையும். மும்பையில் தீபாவளிக்கு நான்கட்டாய் மாவைப் பேக்கரிக்குக் கொண்டு போய்ச் சுட்டு வாங்கும் வழக்கம் உண்டு. இத்தாலிய கிராமத்தில் தட்டைத் தூக்கிச் சூளைக்குப் போனவர்கள் செய்ததும் அதுவே.

அசல் என்பது எது?

இப்போது பொலோனியாவின் பத்திரத்துக்குத் திரும்புவோம். அதில் தக்காளி இருக்கிறது. தக்காளி இத்தாலியில் முளைத்ததல்ல. 16-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனது. பெல்லெக்ரினோ அர்த்தூசி என்பவர் 1891-ல் வெளியிட்ட புகழ் பெற்ற சமையல் புத்தகத்தில் பொலோனியா முறை மாக்ரோனிக்கு இறைச்சிக் குழம்பு சொல்லியிருக்கிறார். அதில் தக்காளியே கிடையாது! ஆகவே 1891-ல் இல்லாத தக்காளி 1982-ல் ஐந்து கரண்டியாகப் பத்திரத்தில் ஏறியது. அத்தோடு நின்றதா? 2023-ம் ஆண்டு ஏப்ரலில் அதே கழகத்தார் அதே சபையில் திருத்திய குறிப்பை ஒப்படைத்தார்கள். இப்போது தக்காளி 200 கிராம். ஒரு டம்ளர் பால் விருப்பமிருந்தால் சேர்க்கலாம் என்றாகி விட்டது. வீடுகளில் சமையல் மாறி விட்டது, பத்திரமும் மாற வேண்டியதுதான் என்று அவர்களே ஒப்புக் கொண்டதாகத்தானே இதற்குப் பொருள்?

பொலோனியாவில் உட்கார்ந்திருப்பவர் மாற்றினால் அது வளர்ச்சி. நியூயார்க்கில் மண் வெட்டியவர் மாற்றினால் அது கேடு. இது எந்த ஊர் நீதி?

மாக்ரோனியின் கதையே பயணக் கதைதான். அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் 1154-ல் முடித்த புவியியல் நூலில், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் உலர்ந்த மாவு இழைகள் செய்து கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் விட்டு ஊர் போன பண்டத்துக்கு ஓரிடத்தில் வேலி கட்ட முடியுமா?

நம் அடுப்பங்கரை

இந்தக் கதை நம்மவருக்குப் புதிதல்ல. மும்பைச் சாலையோரத் தோசைக் கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லின் மேலேயே வெண்ணெயைக் கட்டியாகப் போட்டு, குடைமிளகாயும் உருளைக்கிழங்கும் பாவ் பாஜி மசாலாவும் சேர்த்துத் தேய்த்து "மைசூர் மசாலா" என்று கொடுக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் சித்தப்பா ஒரு வாய் சாப்பிட்டு விட்டு, "இதெல்லாம் தோசையா?" என்று கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை புளிச்சோற்று டப்பாவைத் திறக்கும்போது பக்கத்துப் பிள்ளை மூக்கைச் சுளிக்கிறது. இங்கே "மதராசிச் சாப்பாடு" என்ற கேலி. ஊரில் "பம்பாய்க்காரன் சாப்பாடு" என்ற கேலி. இத்தாலியக் குடியேறியும் இந்த இரண்டு கேலிக்கும் நடுவில்தான் நின்றான்.

அதற்காக எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்து விட்டு, ஊர் மாறி விட்டது என்று சாக்குச் சொல்லலாமா? கூடாது. அமெரிக்காவின் பேக்ட் ஜிட்டியிலும் நல்லது கெட்டது உண்டு. டப்பாக் குழம்பை ஊற்றி, போலிச் சீஸைத் தூவி, பத்து நிமிடத்தில் முடிப்பதும் அதே பெயரில்தான் விற்கிறது. அதைக் குறை சொன்னால் தப்பில்லை. ஆனால் குறை அவசரத்திலும் கலப்படத்திலும் இருக்கிறதே தவிர, கடல் தாண்டியதில் இல்லை. சரக்கு மாறலாம். பக்குவம் மாறக் கூடாது. பன்றிக்குப் பதில் ஆடு வரலாம். ரிக்கோட்டாவுக்குப் பதில் பன்னீர் வரலாம். இறைச்சி சிவக்கக் காத்திருக்கும் பொறுமைக்குப் பதிலாக வைக்க எந்தச் சரக்கும் கடையில் கிடைப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தாய்மார்கள் எழுதி வைத்துச் சமைக்கவில்லை. பக்கத்தில் நிறுத்திக் கை காட்டிக் கற்றுக் கொடுத்தார்கள். வர்த்தக சபையின் பத்திரம் இல்லாமலே நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சமையல் நின்றதற்குக் காரணம் அதுதான். நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைக்கும் அடுப்பங்கரையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன குறைந்து விடும்? நாளை அவனும் ஏதோ ஒரு தூரத்து ஊரில் வாடகை அறையில் தனியாக நிற்கப் போகிறவன்தானே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாக்ரோனித் தட்டோ, மீன் குழம்போ, வெண்ணெய்த் தோசையோ, எதுவானாலும் சரி. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக் கொண்டு சமையுங்கள். ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கும் ஒரு தட்டு வையுங்கள். அவர் குறை சொல்லிக் கொண்டே இரண்டாம் முறை கேட்டால், அதற்கு மேல் வேறு முத்திரை தேவையில்லை.